வயிற்றில் பலூன்: எடுத்து 14 மாதம் ஆனபிறகு

போன வாரம் சித்தி பையன் போன் செய்தான். "அண்ணா, எடை குறைய உங்களுக்கு வச்ச மாதிரி எனக்கும் வயித்துல பலூன் வைக்கலாம்னு டாக்டர் சொல்றார். வச்சுக்கவா?" வேண்டாம்டா என்று வெடுக்கென்று சொல்லி போனை வைத்துவிட்டேன். காரணம் சொல்லாமல் அப்படிப் போனை வைத்திருக்கக் கூடாது.

எனக்கு வைத்தது எண்டோஸ்கோப்பி வழியாக, அதாவது வாய்வழியே குழாய் விட்டு, இறக்கும் ஆறு மாத சிலிக்கோன் பலூன். உள்ளே 600 மில்லி உப்புநீர், அதில் மெத்திலின் புளூ என்ற நீலச் சாயம். கசிந்தால் சிறுநீர் நீலப்பச்சையாகி காட்டிக்கொடுக்கும். முதல் மூன்று நாள் வாந்தியைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள்.

யாரும் சொல்லாதது ஏப்பம். அழுகிய முட்டை நாற்றம். ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்ட இரண்டு இட்லி காலை ஆறு மணிக்கும் வயிற்றிலேயே கிடக்கும். பலூன் வேலை செய்வதே அப்படித்தான்: இடத்தை அடைப்பது பாதி, வயிறு காலியாவதைத் தாமதமாக்குவது பாதி. தங்கிய சோறு புளித்துப் பொங்கி மேலே வரும். ஆபீஸ் மீட்டிங்கில் கைக்குட்டையை வாயிலிருந்து எடுக்க மாட்டேன். மனைவி ஒன்றும் சொல்லாமல் ஜன்னலைத் திறந்து வைப்பாள். அதுதான் அதிகம் வலித்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த வழவழப்பான கையேட்டில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. நாலாவது வாரம் நான் கோபமாகக் கேட்டபிறகுதான் டயட்டீஷியன் சொன்னார்: சோறு, பிரெட் மாதிரி ஒட்டுவதைக் குறைத்து, சாப்பிட்டு அரை மணி கழித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடித்து பலூனைக் கழுவ வேண்டும், ராத்திரிச் சாப்பாட்டை ஏழு மணிக்கு முன்னால் முடிக்க வேண்டும். முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு மாத அவமானம் மிச்சம்.

நியாயமாகப் பேச வேண்டும் என்றால் இதையும் சொல்ல வேண்டும். 104 கிலோ 91 ஆனது. மூன்று மாதச் சராசரி சர்க்கரை 7.6இலிருந்து 6.4. இரண்டாவது மாதம் ஒருநாள் அம்மா சுட்ட தோசையில் ஒன்றரை சாப்பிட்டு, மீதியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தேன். போதும் என்று வயிறு சொன்னது. நாற்பத்திரண்டு வயதுவரை அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது, எனக்கும்.

பலூனை எடுத்த மூன்றாவது வாரம் அந்தக் குரல் போய்விட்டது. இப்போது 97 கிலோ. ஏறுவது பெரும்பாலானவர்களுக்கு நடப்பதுதான் என்று டாக்டர் சொல்கிறார். முன்னைப் போல 104 இல்லை என்பதும் உண்மை. எடை குறைய வாரம் ஒருமுறை ஊசி போட்டுக்கொள்ளும் நண்பர் ஒருவரும் இதே முட்டை ஏப்பத்தைச் சொல்லிப் புலம்புகிறார். அந்த மருந்தும் வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும்.

கணக்குப் பார்த்தால் எனக்கு நல்லதுதான் நடந்திருக்கிறது. ஆனாலும் தம்பி, என்னைக் கேட்டால் இன்றைக்கும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அந்த ஆறு மாதத்தை இன்னொருமுறை வாழ எனக்குத் தெம்பில்லை. நீ வைத்தே தீருவேன் என்றால், எடுக்கும் தேதியை வைக்கும் அன்றைக்கே வாங்கி காலண்டரில் எழுதிவிடு. ஆறு மாதம் தாண்டிவிட்டால் அது சுருங்கிக் குடலில் இறங்கி அடைத்துக்கொள்ளலாம். எடுப்பதற்கு மூன்று நாள் முன்பிருந்து டாக்டர் சொல்கிறபடி நீராகாரம் மட்டும். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை ஒருநாளும் விடாதே. வைக்கப் போகும் அன்றைக்கு எனக்குச் சொல், லீவு போட்டுவிட்டு வருகிறேன்.