மாஷ் தொடர்: பிளேக் காலமா, பாட்டர் காலமா?

11 சீசன், 250க்கும் மேற்பட்ட எபிசோட். 'மாஷ்' என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இந்தக் கணக்கைக் கேட்டதும் மலைத்துப்போகிறார்கள். எங்கே தொடங்குவது, எதை விடுவது என்று கேட்கிறார்கள். என்னைக் கேட்டால், அந்தப் பெயரில் ஓடியவை இரண்டு தொடர்கள். இடம் ஒன்றுதான்: கொரியப் போர்முனைக்குப் பக்கத்தில், உய்ஜோங்பு அருகே கூடாரம் போட்டிருக்கும் 4077வது நடமாடும் ராணுவ அறுவை மருத்துவமனை. நாயகனான டாக்டர் ஹாக்ஐ பியர்ஸாக ஆலன் ஆல்டா கடைசிவரை இருக்கிறார். ஆனால் பிளேக் என்பவர் முகாமின் தலைவராக இருந்த முதல் மூன்று சீசனின் குணம் வேறு, பாட்டர் தலைவரான பிந்தைய சீசன்களின் குணம் வேறு.

நிஜப் போர் 1950 ஜூனில் தொடங்கி 1953 ஜூலையில் ஓய்ந்தது. தொடரோ 1972 முதல் 1983 வரை சிபிஎஸ் சேனலில் ஓடியது. அது தொடங்கியபோது அமெரிக்கப் படை இன்னும் வியட்நாமில் இருந்தது. கொரியாவைக் காட்டி வியட்நாமைப் பேசுகிறார்கள் என்பது பார்த்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. அந்தக் கோபம்தான் ஆரம்ப சீசன்களின் உயிர்.

பிளேக் காலத்தில் முகாமின் தலைவர் கர்னல் ஹென்றி பிளேக் (மெக்லீன் ஸ்டீவன்சன்). நல்ல டாக்டர், அதிகாரம் செய்யத் தெரியாத அதிகாரி. குமாஸ்தா ரேடார் நீட்டும் தாளில் எல்லாம் படிக்காமலே கையெழுத்துப் போடுவார். இந்தத் தளர்வில்தான் ஹாக்ஐயும் சக டாக்டர் ட்ராப்பர் ஜானும் ஆட்டம் போடுகிறார்கள். முதல் சீசனில் டட்டில் என்ற கேப்டனின் கதை வருகிறது. அப்படி ஒரு ஆளே கிடையாது. அவன் பெயரில் கோப்பு தயாராகிறது, சம்பளம் வருகிறது, அந்தப் பணம் அனாதை இல்லத்துக்குப் போகிறது. அவனுக்குப் பதக்கம் குத்த ஜெனரல் கிளம்பி வரும்போது வேறு வழியில்லாமல் அவனைச் சாகடித்து, இரங்கல் உரையும் வாசிக்கிறார்கள். ராணுவத்துக்கு மனிதனைவிட அவனைப் பற்றிய காகிதம்தான் முக்கியம் என்பதை அரை மணி நேரத்துக்குள், ஒரு இடத்திலும் பிரசங்கம் செய்யாமல் சொல்லிவிடுகிறார்கள். பாட்டர் காலத்தில் இந்தச் சுருக்கம் குறைந்துபோனது.

மரணத்தைச் சொல்வதிலும் முதல் காலத்துக்கே என் ஓட்டு. அதே முதல் சீசனில் ஹாக்ஐயின் பழைய நண்பன் ஒருவன், போரைப் பற்றிப் புத்தகம் எழுத முன்வரிசைக்குப் போனவன், அடிபட்டு வந்து ஹாக்ஐயின் அறுவை மேஜையிலேயே இறக்கிறான். அழும் ஹாக்ஐயிடம் பிளேக், போரில் இளைஞர்கள் சாவார்கள், அதை டாக்டர்களால் மாற்ற முடியாது என்று தனக்குப் பயிற்சியில் சொல்லித்தந்ததைச் சொல்கிறார். எப்போதும் தடுமாறும் மனிதர் தடுமாறாமல் பேசும் இடம் அது.

அப்புறம் 1975 மார்ச் 18 அன்று ஒளிபரப்பான எபிசோட். பிளேக் ஊருக்குக் கிளம்புகிறார், எல்லோரும் வழியனுப்புகிறார்கள், நாமும் சிரித்துக்கொண்டே பார்க்கிறோம். கடைசியில் ரேடார் ஆபரேஷன் தியேட்டருக்குள் வந்து ஒரு செய்தியைப் படிக்கிறான்: அவர் போன விமானம் ஜப்பான் கடல் மேல் சுட்டு வீழ்த்தப்பட்டது, ஒருவரும் பிழைக்கவில்லை. நடிகர்களுக்கே இந்தக் கடைசிப் பக்கத்தைப் படப்பிடிப்புக்குச் சற்று முன்புதான் காட்டினார்கள். யாரும் எதுவும் பேசுவதில்லை. பின்னால் ஒரு கருவி கீழே விழும் சத்தம் மட்டும் கேட்கிறது. டாக்டர்கள் தைப்பதை நிறுத்துவதில்லை. 'நகைச்சுவைத் தொடரில் இப்படிச் செய்யலாமா' என்று கோபக் கடிதங்கள் குவிந்தன. செய்யலாம் என்பதற்கு அந்தக் காட்சியே போதும்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, மொத்தத்தில் பிந்தைய காலமே எனக்குப் பிடித்தது என்றால் நம்புவீர்களா? காரணம் மனிதர்கள். குறிப்பாக, சார்ல்ஸ் எமர்சன் வின்செஸ்டர்.

முதல் ஐந்து சீசனில் எதிரணிக்கு இருந்தவர் மேஜர் ஃப்ராங்க் பர்ன்ஸ். கோழை, பேராசைக்காரர், திறமையில்லாத டாக்டர். லாரி லின்வில் பிரமாதமாக நடித்தார். ஆனால் அந்தப் பாத்திரத்தை அடிக்கலாம், கேலி செய்யலாம், அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது. அவரும் அதை உணர்ந்து ஐந்தாவது சீசனோடு விலகினார். அடுத்து டேவிட் ஓக்டன் ஸ்டையர்ஸ், பாஸ்டன் பெரிய வீட்டுப் பிள்ளை வின்செஸ்டராக வந்தார். டோக்கியோவில் மேலதிகாரியைச் சீட்டாட்டத்தில் தோற்கடித்து, அதைப் பெருமையும் அடித்ததால் இந்தச் சேற்றுக்குத் தூக்கியடிக்கப்பட்டவர். கர்வம் தலைக்கு மேல். ஆனால் கத்தியைப் பிடித்தால் ஹாக்ஐயே வாயடைத்துப்போவான். கேலி செய்ய முடியும், ஒதுக்க முடியாது.

எட்டாவது சீசனில் ஒரு சிப்பாயின் காலைக் காப்பாற்றிவிட்ட பெருமிதத்தில் இருக்கிறார் வின்செஸ்டர். கையிலும் அடி, ஆனால் காலோடு ஒப்பிட்டால் சின்ன விஷயம் என்பது அவர் நினைப்பு. அந்தப் பையன் பியானோ கலைஞன். வலது கை இனி உதவாது என்று தெரிந்ததும் உடைந்துபோகிறான். வின்செஸ்டர் அவனுக்காக ஒரு இசைக்குறிப்பைத் தேடி வரவழைக்கிறார். முதல் உலகப் போரில் வலது கையை இழந்த பியானோ கலைஞர் பால் விட்கென்ஸ்டைனுக்காக, இடது கையால் மட்டும் வாசிக்கும்படி இசையமைப்பாளர் ராவல் எழுதியது. அவனைப் பியானோ முன் கொண்டுபோய் உட்காரவைத்து, தன்னால் சுரங்களை வாசிக்க முடியும், இசையை உண்டாக்க முடியாது, உன்னால் முடியும் என்கிறார். பணமும் குலப்பெருமையும் வாங்கித்தராத ஒன்று இந்தப் பையனிடம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளும் அந்தக் கர்வி மாதிரி ஒருவரை பர்ன்ஸ் காலத்தில் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

தலைவராக வந்த கர்னல் பாட்டரும் (ஹாரி மோர்கன்) அப்படித்தான். பழைய குதிரைப்படைக்காரர், முதல் உலகப் போரையும் பார்த்தவர். அவர் அதட்டினால் முகாம் அடங்கும். ட்ராப்பருக்குப் பதில் வந்த பி.ஜே. பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மனைவி, மகள் ஏக்கத்தோடு இருக்கும் நல்லவன், ஹாக்ஐக்குச் சரியான துணை. மார்கரெட் ஹூலிஹனுக்குத்தான் உண்மையான விடிவு. ஆரம்பத்தில் வெறும் கேலிப் பொருளாக வைத்திருந்த தலைமை நர்ஸை, ஐந்தாவது சீசனில் சக நர்ஸுகளைப் பார்த்து 'ஒரு வாய் காபிக்காவது என்னைக் கூப்பிட்டதுண்டா' என்ற பொருளில் வெடிக்க வைத்தார்கள். அதற்குப் பிறகு அவளைப் பார்த்துச் சிரிப்பது கடினம். ஆரம்ப சீசன்கள் பெண்களை நடத்திய விதம் இன்று பார்க்கையில் உறுத்துவதும் உண்மை.

பிந்தைய காலத்தின் குறை என்ன என்றால், பேச்சு. ஹாக்ஐ நீண்ட நேரம் நியாயம் பேசுவான், எல்லோரும் கேட்பார்கள். கடைசி இரண்டு மூன்று சீசன்களில் இது அலுப்புத் தட்டும். ஆனால் துணிச்சலும் அங்கேதான். தொண்டையில் அடிபட்டுப் பேச முடியாத சிப்பாயின் கண் வழியாகவே ஒரு எபிசோட் முழுக்க நகர்கிறது. இன்னொன்றில் திரையின் மூலையில் கடிகாரம் ஓட, ஒரு உயிரைக் காக்கும் நிமிடங்கள் நம் கண் முன்னே கரைகின்றன.

இரண்டு காலத்துக்கும் பொதுவான ஓட்டை, கொரியர்கள் பெரும்பாலும் ஓரத்திலேயே நிற்பதும், பிற நாட்டு மருத்துவர்கள் அரிதாகவே தலைகாட்டுவதும். நம் இந்திய ராணுவத்தின் மருத்துவப் பிரிவான 60வது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ், லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ் தலைமையில் அதே போரில் பணியாற்றியது. 1951 மார்ச்சில் முன்சானில் அமெரிக்கப் படையோடு பாராசூட்டில் குதித்து, அடிபட்டவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்தார்கள். ரங்கராஜுக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது. தனித் தொடராக எடுக்க வேண்டிய கதை அது.

சரி, எதைப் பார்ப்பது? நேரம் குறைவு என்றால் நான்காவது, ஐந்தாவது சீசன். பாட்டரும் பி.ஜே.யும் வந்துவிட்டார்கள், பர்ன்ஸ் இன்னும் போகவில்லை. தொடரை உருவாக்கிய லாரி கெல்பார்ட் நான்காவது வரை இருந்தார். அவர் கைச் சுருக்கமும் புது மனிதர்களின் ஆழமும் சேர்ந்து கிடைக்கும் இடம் அது. நான்காவதின் கடைசி எபிசோட், கறுப்பு வெள்ளையில் ஒரு செய்தியாளர் எடுக்கும் பேட்டியாக வருவது, எக்காரணம் கொண்டும் விடக் கூடாதது. உறைபனியில் வெட்டிய உடலிலிருந்து எழும் ஆவியில் டாக்டர்கள் கை காய்ச்சிக்கொள்வதைப் பாதிரியார் முல்காஹி சொல்வது அதில்தான்.

முழுதாகப் பார்க்க நேரம் இருக்கிறவர்கள் முதலிலிருந்தே வரிசையாகப் பாருங்கள். பிளேக்கைப் பழகாமல் அவர் சாவு வலிக்காது. ஒன்று மட்டும் செய்யுங்கள். சேனலின் வற்புறுத்தலால் சேர்த்த பதிவுச் சிரிப்பொலி இதில் உண்டு. தயாரிப்பாளர்கள் மல்லுக்கட்டி ஆபரேஷன் தியேட்டர் காட்சிகளில் மட்டும் அதைத் தடுத்தார்கள். பிபிசி சிரிப்பொலி இல்லாமலே ஒளிபரப்பியது. டிவிடியில் அதை அணைக்கும் வசதி இருக்கிறது. அணைத்துவிட்டுப் பாருங்கள்.