ரைஃபிளில் லைட் மாட்டித் தரும் கடையில் காசு கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

டெக்சாஸில் இரவில் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகிற நம்மவர்களுக்காக எழுதுகிறேன். 2019 செப்டம்பர் முதல், நில உரிமையாளர் அனுமதித்தால் தனியார் நிலத்தில் பன்றி சுட வேட்டை லைசென்ஸே வேண்டாம் என்று ஆகிவிட்டது, அதனால் என்னைப் போல் புதிதாக இறங்கியவர்கள் இருப்பீர்கள்.

என் ஏஆர்-15 ரைஃபிளுக்கு ஒரு லைட் வேண்டும் என்று போனேன். சைலன்சரும் மாட்டுவேன், வேலிக் கட்டையில் துப்பாக்கியைச் சாய்த்துத்தான் சுடுவேன் என்று இரண்டையும் தெளிவாகச் சொன்னேன். கடைக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, குழலுக்கு நேர் கீழே, கடிகாரத்தில் 6 மணி இருக்கும் இடத்தில், அதுவும் ஹேண்ட்கார்டின் (குழலைச் சுற்றி, முன்கையால் பிடிக்கும் உறை) நடுவில் மாட்டிக் கொடுத்தார். எல்லாரும் இங்கேதான் மாட்டுவார்கள் என்றார். லைட்டுக்கும் மவுன்ட்டுக்கும் 260 டாலர், மாட்டிய கூலி தனியாக 40 டாலர்.

முதல் ராத்திரியே தெரிந்துவிட்டது. லைட் பின்னால் இருக்கிறது, சைலன்சர் அதற்கு மேலே ஏழு அங்குலம் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது, ஆக வெளிச்சத்தின் மேல்பாதியை அதுவே மறைத்துவிட்டது, போதாததற்கு சைலன்சரில் பட்ட ஒளி திரும்பி என் கண்ணில் அடித்தது. கட்டையில் சாய்த்தால் லைட்தான் முதலில் இடிக்கிறது. பட்டனோ லைட்டின் பின்முனையில், என் இடது கட்டைவிரல் எட்டவே எட்டாது. 80 கெஜத்தில் கறுப்பாக நாலைந்து உருவம் நிற்கிறது, பன்றி என்றுதான் நினைத்தேன், ஆனால் முதுகுக்கு மேலே எதுவும் தெரியாததால் விரலை எடுத்துவிட்டேன். நண்பர் கை டார்ச்சை அடித்துப் பார்த்தால் பண்ணைக்காரருடைய கறுப்புக் கன்றுகள்! இன்னமும் அதை நினைத்தால் எனக்கு நடுங்குகிறது. தேடுவதற்குக் கை டார்ச், சுடும்போது மட்டும் துப்பாக்கி லைட் என்று அன்றைக்கே வழக்கமாக்கிக்கொண்டேன், என்னவென்று தெரியாத ஒன்றின் மேல் குழலை நீட்டவே கூடாது.

இதோடு நிற்கவில்லை. பெட்டியில் 1,200 லூமென் என்று பெரிய எழுத்து, அது லைட் விடும் மொத்த ஒளி. தூரத்துக்குப் பார்க்க வேண்டியது கேண்டெலா, அதாவது ஒரு திசையில் ஒளி எவ்வளவு குவிகிறது என்ற அளவு, அது பொடி எழுத்தில் 6,400. இதன் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் 160 மீட்டர் வரும், அங்கே விழுவது ஏறக்குறைய முழு நிலா வெளிச்சம் மட்டும்தான். பன்றியா கன்றா என்று பிரித்துப் பார்க்க அதில் பாதி தூரமே அதிகம். கடைக்காரர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. மூன்றாவது தடவை வேட்டைக்குப் போனபோது மவுன்ட் திருகு தளர்ந்து லைட் ஆடியது, கழற்றிப் பார்த்தால் திருகுப் பசை ஒரு சொட்டுகூட வைக்கவில்லை.

திருப்பிக் கொடுக்கப் போனேன். மாட்டிய பொருள் பழைய பொருள், எடுக்க மாட்டோம் என்றார்கள். மாட்டியதே அவர்கள்தானே! மாட்டிய கூலியையாவது கொடுங்கள் என்றேன், அதற்கும் பதில் இல்லை.

அப்புறம் ஹேண்ட்கார்டில் இருக்கும் துளைகளில் பொருந்தும் சாய்வான எம்-லாக் மவுன்ட் ஒன்று வாங்கி, ஹேண்ட்கார்டின் முன்நுனியில் 11 மணி இடத்துக்கு நானே மாற்றினேன். வலது கைக்காரன் என்பதால் இடது கட்டைவிரல் இப்போது நேராகப் பட்டனில் விழுகிறது. நிழல் முழுதாகப் போகவில்லை, ஆனால் கீழே வலப்பக்கம் தரையில் விழுகிறது, அது என்னைத் தொந்தரவு செய்வதில்லை. இடது கைக்காரர்கள் 1 மணி இடத்தைப் பாருங்கள். லைட்டை முன்னால் தள்ளினால் சுடும்போது அதன் கண்ணாடியில் கரி படியும், லிப் பாம் லேசாகத் தடவி வைத்தால் துடைக்கும்போது சுலபமாக வந்துவிடும்.

கடையில் மாட்டுவதென்றால் உங்கள் சைலன்சரையும் கொண்டுபோங்கள். காலித் துப்பாக்கிதான் என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, கடைக்காரர் காட்டும் பாதுகாப்பான திசையில் இருட்டுச் சுவரைப் பார்த்து லைட்டைப் போடச் சொல்லுங்கள். நிழல் எங்கே விழுகிறது, விரல் எட்டுகிறதா என்று பாருங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கார்டை வெளியே எடுக்காதீர்கள்.