இடப்பக்கம் படிக்க வேண்டிய ஒரு ஜெர்மன் கவிதைத் தொகுப்பு

தனிமை, காதல், நம்பிக்கை என்று மூன்று பகுதிகளாகப் பிரித்து, இடப்பக்கம் ஜெர்மன் மூலமும் வலப்பக்கம் ஆங்கில மொழிபெயர்ப்புமாக அச்சிட்ட இந்தச் சட்டைப்பை அளவுத் தொகுப்பு பழைய புத்தகக் கடையொன்றில் எனக்குக் கிடைத்தது. அகராதியின் துணையோடு தட்டுத்தடுமாறித்தான் ஜெர்மன் படிக்கிறேன். இருந்தும் இந்நூலுக்குக் கொடுத்த பணம் முழுவதும் இடப்பக்கத்துக்கே தகும் என்பேன்.

தனிமைப் பகுதி ஜெர்மன் கவிஞர் கதேயின் எட்டு வரிக் கவிதையோடு தொடங்குகிறது. ஜெர்மனியின் இல்மெனா நகரை அடுத்த கிக்கெல்ஹான் மலையில், 1780 செப்டம்பர் 6 அன்று, ஒரு மரக்குடிலின் சுவரில் அவர் எழுதிவைத்த அக்கவிதையில் இருப்பவை 24 சொற்களே. முகடுகளில் அமைதி, மர உச்சிகளில் மூச்சளவு காற்றுகூட அரிது, காட்டுப் பறவைகள் அடங்கிவிட்டன, பொறு, விரைவில் நீயும் ஓய்வாய் என்று அது முடிகிறது. இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு, 1831இல், கதே அக்குடிலுக்கு மீண்டும் சென்று அவ்வரிகளைப் படித்துக் கண்ணீர் விட்டார். தொகுப்பாளர் இதற்கு ஓர் அடிக்குறிப்புகூடத் தரவில்லை.

மொழிபெயர்ப்பு பெரிதும் சறுக்குவது காதல் பகுதியில். ஹைனேயின் கவிதையில், வடக்கே மொட்டை மலையில் பனி போர்த்து உறங்கும் ஊசியிலை மரமொன்று, தொலைதூரக் கீழ்த்திசையில் சுடும் பாறைமீது துயருறும் பனைவகை மரத்தைக் கனவு காண்கிறது. ஜெர்மனில் முன்னது ஆண்பால், பின்னது பெண்பால். இலக்கணமே காதல் சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் இரண்டும் வெறும் ‘அது’. மரத்தை அஃறிணையில் வைத்த தமிழிலும் இதே சிக்கல்தான் என்பதால், மொழிபெயர்ப்பாளரை இதற்காக நான் குறைகூற மாட்டேன். ஆனால் இரு மரங்களுக்கும் ஹைனே ‘ஐன்ஸாம்’ (தனித்து) என்ற ஒரே சொல்லை இட்டிருக்க, ஆங்கிலத்தில் அதை இரு வேறு சொற்களாக்கியது தவறு. அத்தனை தொலைவிலிருக்கும் இரண்டையும் இணைத்துக் காட்டுவது அந்த ஒரு சொல்தான்.

நம்பிக்கைப் பகுதியில் ம்யோரிக்கெயின் வசந்தக் கவிதை என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது. மண்ணுக்குள் கனவு காணும் வயலட் பூக்கள் ‘பால்டெ’, அதாவது விரைவில், வரவிருக்கின்றன என்கிறார் அவர். கதேயின் கவிதையில் ஓய்வு வருவதும் இதே ‘பால்டெ’யில்தான். ஒன்றில் சாவின் நிழல் படிந்த சொல், மற்றொன்றில் மொட்டவிழக் காத்திருக்கிறது. வலப்பக்கத்தை மட்டும் படிப்பவருக்கு இது தெரியவே வாய்ப்பில்லை. ஹோல்டர்லின் இப்பகுதியில் பெயரளவுக்குத்தான் இருக்கிறார்.

தாள் நன்று, எழுத்து சிறிது, நூற்கட்டு மோசம். வீடில்லாதவன் இனிக் கட்டப்போவதில்லை என்னும் ரில்கேயின் இலையுதிர்காலக் கவிதை, இரண்டாம் வாரத்திலேயே தாளோடு தனியே கழன்று வந்துவிட்டது. ஜெர்மன் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள் வாங்கலாம். அறவே தெரியாதவர்களுக்கு வேறொரு மொழிபெயர்ப்பே நல்லது.