பழைய இழைப்புளி: மரமா, இரும்பா?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் கிளறினால், பலகையைச் சீவி மட்டமாக்கும் இழைப்புளியில் இரண்டு வகையும் கண்ணில் படும். ஒன்று, ஆப்பு வைத்து பிளேடை இறுக்கும் மர இழைப்புளி. மற்றது, ஸ்டான்லி, ரெக்கார்டு போன்ற முத்திரையோடு வரும் இரும்பு இழைப்புளி. பழைய பர்மா தேக்கில் நிலை, கதவு, ஜன்னல் என்று பழுது பார்க்கிறவர் எதைச் சீர்செய்து வைத்துக்கொள்ளலாம்? நான் மரத்தின் பக்கம். அடிப்பரப்பைச் சமப்படுத்தும் வேலைதான் என்னை அந்தப் பக்கம் சாய்த்தது. அதனால் அதைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன்.

தெரிந்த விஷயங்களை முதலில் தாண்டிவிடலாம். இரும்பு கனம், மரம் இலகு. இரும்பில் பித்தளைத் திருகைச் சுற்றினால் பிளேடு இறங்கும். மரத்தில் சுத்தியலால் தட்டித்தான் இறக்க வேண்டும், அது கைப்பழக்கம். திரும்ப விற்கும் எண்ணம் இருந்தால் இரண்டையும் பளபளவென்று தேய்த்துவிடாதீர்கள். சேகரிக்கிறவர்கள் தேடுவது அந்தப் பழைய மெருகைத்தான்.

இரும்பு இழைப்புளியைப் பிரித்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது. உடல் வார்ப்பிரும்பு, கீழே விழுந்திருந்தால், பிளேடு வெளியே வரும் வாயின் ஓரத்திலிருந்து பக்கச்சுவரில் மயிரிழை விரிசல் ஏறியிருக்கும். சந்தேகமான இடத்தில் மண்ணெண்ணெய் தடவி, துடைத்துவிட்டு, சாக்பீஸ் தூளைத் தூவுங்கள். விரிசல் இருந்தால் எண்ணெய் கசிந்து கோடு காட்டும். காட்டினால் கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டலாம். அடுத்து உதிரிகளை எண்ணுங்கள். பிளேடு, அதன்மேல் திருகிப் பிடிக்கும் மேல்தகடு, இரண்டையும் அழுத்தும் நெம்புமூடி, இவற்றைத் தாங்கும் சரிவுத் துண்டு, அதன் திருகுகள் எல்லாம் இருக்க வேண்டும். இந்தத் திருகுகளின் புரி இன்றைய மெட்ரிக் அளவு கிடையாது. தொலைந்த திருகுக்குப் பதிலாகக் கடை போல்ட்டை முறுக்கி ஏற்றினால் உள்புரியும் சேர்ந்து போகும்.

துரு பெரிய பிரச்சினை இல்லை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் சிட்ரிக் ஆசிட் கலந்து, கைப்பிடி மரங்களைக் கழற்றிவிட்டு, ஆறு முதல் எட்டு மணி நேரம் ஊறவிட்டால் பிரஷ்ஷிலேயே வந்துவிடும். அதற்கு மேல் விட்டால் நல்ல இரும்பையும் அரிக்கும். எடுத்தவுடன் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, உடனே காயவைத்து, தையல் மெஷின் எண்ணெய் தடவ வேண்டும். பத்து நிமிடம் தாமதித்தாலும் மேலே ஒரு மஞ்சள் படலம் வந்துவிடும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசுபிசுக்கும்.

இனி அடி.

இரும்பு இழைப்புளிக்கு அளவைப் பொறுத்து நம்பர் உண்டு. நாலாம் நம்பரின் அடி ஏறத்தாழ ஒன்பதரை அங்குல நீளம், ஐந்தாம் நம்பருடையது பதினான்கு. முனை, வாய்க்கு முன்புறம், பின்கோடி ஆகிய மூன்று இடமும் ஒரே மட்டத்தில் தொட்டால் போதும், நடுவில் சின்னப் பள்ளம் இருந்தால் பாதகமில்லை. ஆனால் வாய்க்கு முன்புறம் மட்டும் பள்ளமாக இருந்தால், பிளேடுக்கு முன்னால் மரத்தை அழுத்திப் பிடிக்க எதுவும் இருக்காது. மரம் பிய்ந்துகொண்டு வரும். பழைய இழைப்புளிகளில் தேய்வது பெரும்பாலும் அந்த இடம்தான். இதைக் கையால் சரிசெய்ய, சமமான பாலிஷ் கிரானைட் பலகையில் 80 நம்பர் உப்புத்தாளை ஒட்டித் தேய்க்க வேண்டும். (ஆத்தங்குடிக் கல் தரையில் முயலாதீர்கள். கைவேலைக் கல், மட்டம் பார்க்க அது ஆகாது.) 0.1 மில்லிமீட்டர் வார்ப்பிரும்பை எடுக்கவே ஒரு மணி நேரம் ஓடிவிடும், தாள்கள் வரிசையாகத் தீரும். அடி முறுக்கிக்கொண்டிருந்தால் கைவேலைக்கு அடங்காது. மெஷினில் பரப்பை அரைத்து மட்டமாக்கும் சர்ஃபேஸ் கிரைண்டிங் பட்டறைக்குத்தான் போக வேண்டும். அங்கே காந்தப் பலகையில் இறுக்கிப் பிடிக்கும்போதே மெல்லிய உடல் வளையும், அவிழ்த்ததும் பழையபடி நிமிரும். ஆள் தெரிந்து கொடுக்காவிட்டால் காசும் போய் அடியும் கெடும்.

இரும்புக்காரர்கள் இதற்குச் சொல்லும் பதில் நியாயமானது: ஒருமுறை நேராக்கினால் பல வருடம் அப்படியே நிற்கும், மரம் பருவத்துக்குப் பருவம் திரும்பும். உண்மைதான். ஐப்பசி மழையில் உப்பி, சித்திரை வெயிலில் சுருங்கும் ஊர் இது. ஆனால் மர அடியை நேராக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று பாருங்கள்: பதினைந்து நிமிடம். அதே கிரானைட், அதே உப்புத்தாள். மழை ஓய்ந்த தை மாதத்தில் ஒருமுறை, அக்னி நட்சத்திரம் கழிந்து ஒருமுறை செய்தால் போதும்.

செய்முறையில் தவறும் இடம் ஒன்றுதான். பிளேடையும் ஆப்பையும் கழற்றி வைத்துவிட்டு அடியைத் தேய்ப்பார்கள். ஆப்பை இறுக்கும்போது உடல் சற்றே வளையும், தேய்த்ததெல்லாம் வீண். பிளேடை வாய்க்குள் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேலே இழுத்துவிட்டு, வேலை செய்யும்போது இறுக்குகிற அளவுக்கு ஆப்பை இறுக்கிய பிறகுதான் தேய்க்க வேண்டும். (இரும்புக்கும் இதே விதிதான்.) அடியில் பென்சிலால் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு, எங்கே அழிகிறது என்று பார்த்துக்கொண்டே தேயுங்கள். இரண்டு நேர்க்குச்சிகளை அடியின் இரு கோடியிலும் குறுக்கே வைத்து, ஒன்றின் மேல் ஒன்றாகக் கண்ணால் பார்த்தால் முறுக்கு தெரிந்துவிடும்.

இதற்கு ஒரு விலை உண்டு, மறைக்கப் போவதில்லை. பிளேடு 45 டிகிரியில் சாய்ந்திருப்பதால், அடியில் எடுக்க எடுக்க வாயும் ஏறத்தாழ அந்த அளவுக்கு அகலும். தடவைக்கு 0.2 என்று வருடம் 0.4 மில்லிமீட்டர் போனால், மூன்று வருடத்தில் வாய் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் திறந்துவிடும். முரட்டு இழைப்புக்கு அது பரவாயில்லை. மெருகு இழைப்புக்கு அரை மில்லிமீட்டருக்குள் வேண்டும். அப்போது வாய்க்கு முன்னால் அடியில் எட்டு மில்லிமீட்டர் ஆழத்துக்கு உளியால் பள்ளம் எடுத்து, தோதகத்தி (ஈட்டி மரம்) துண்டு ஒன்றை, இழை ஓட்டம் உடலோடு ஒத்துப்போகும்படி பதித்து ஒட்ட வேண்டும். தோதகத்தி எண்ணெய்ப் பசை உள்ள மரம். தின்னரால் துடைத்துவிட்டு எபாக்சி போட்டால் பிடிக்கும், சாதாரண வெள்ளைப் பசை சில சமயம் விட்டுவிடும். துண்டைச் சற்று நீளமாக விட்டு, பிறகு அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக வாயைத் திறந்துகொள்ளுங்கள். அரை நாள் வேலை, அதுவும் தச்சு வேலைதான். பட்டறை வாசலில் நிற்க வேண்டியதில்லை. உடைந்த ஆப்பையும் இதேபோல் நாமே செய்துகொள்ளலாம்.

மர இழைப்புளியில் வாங்கும்போது பார்க்க வேண்டியவை: கொட்டாப்புளியால் தட்டினால் துளைகளிலிருந்து மாவு கொட்டுகிறதா (கொட்டினால் உளு இன்னும் உயிரோடு இருக்கிறது), கன்னம் (பிளேடின் இருபுறமும் உள்ள மரச்சுவர்) பிளந்திருக்கிறதா, பிளேடின் இருபுறமும் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறதா. கடைசியில் சொன்னதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். கோடையில் உடல் சுருங்கி பிளேடை இரு பக்கமும் நெருக்கினால் கன்னம் பிளக்கும். இடைவெளி இல்லையென்றால் பிளேடைத் தேய்க்காதீர்கள், உட்கன்னத்தைச் சீவிவிடுங்கள். வேலை முடிந்து வைக்கும்போது பின்கோடியில் ஒரு தட்டுத் தட்டி ஆப்பைத் தளர்த்துவதும் இதற்காகத்தான்.

மரச்சுருள் வாயில் அடைத்துக்கொண்டால் ஆப்பின் இரு கால்களையும் பாருங்கள். கால்களில் பென்சில் கரியைப் பூசி, செருகி, எடுத்தால் உட்கன்னத்தின் எந்த இடத்தில் கரி ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் தொடுகிறது. கால் நுனிவரை ஒட்டி உட்கார வேண்டும். மேலே மட்டும் பிடித்தால் பிளேடு அதிரும், கீழே சந்து விட்டால் சுருள் நுழையும். மேல்தகட்டுக்கும் பிளேடுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தாலும் இதே கதை. அது இரும்பு இழைப்புளிக்கும் பொருந்தும்.

இரும்பு ஜெயிக்கும் இடம் ஒன்று உண்டு. இழை திசை மாறி ஓடும் பலகையில், மேல்தகட்டை விளிம்பிலிருந்து 0.3 மில்லிமீட்டரில் வைத்து, பிளேடைத் துளித்துளியாக இறக்கி ஏற்றிக்கொண்டே இழைக்க வேண்டியிருந்தால் அந்தப் பித்தளைத் திருகுக்கு ஈடில்லை. மேசைப் பலகையைக் கடைசியாக மெருகிட ஒரு நாலாம் நம்பரை வைத்திருப்பது தப்பில்லை. கருங்காலி மாதிரிக் கடின மரங்களுக்கும் என் தீர்ப்பை அப்படியே நீட்ட மாட்டேன். இங்கே சொன்னதெல்லாம் தேக்கை வைத்துச் சொன்னது.

அந்தத் தேக்கும் லேசுப்பட்டதல்ல. அதில் சிலிக்கா உண்டு, முனை சீக்கிரம் மழுங்கும். இடித்த வீட்டுக் கட்டை என்றால் உள்ளே முறிந்த ஆணியும் மேலே சுண்ணாம்பும் இருக்கும். காந்தம் ஓட்டிப் பார்த்து, கம்பிப் பிரஷ் போட்ட பிறகே இழைக்க வேண்டும். 25 டிகிரியில் சாணை பிடித்து, 30 டிகிரியில் தீட்டினால் தேக்குக்குத் தாங்கும். சாணைச் சக்கரத்தில் முனை நீலமானால் பதம் போயிற்று. அந்த நீலம் தாண்டும்வரை அரைத்துத் தள்ள வேண்டும். அதனால் நொடிக்கொரு தரம் தண்ணீரில் முக்குங்கள்.

பழைய மர இழைப்புளி பிளேடை எளிதில் தூக்கிப் போடாதீர்கள். முனைப்பக்கம் தடித்து மேலே மெலியும் அந்தக் கனமான தகட்டுக்குப் பதிலாக, இரும்பு இழைப்புளியின் இரண்டு மில்லிமீட்டர் பிளேடைப் போட்டால் ஆப்பும் பிடிக்காது, வாயும் அகலமாகிவிடும். பல பழைய பிளேடுகள் மிருதுவான இரும்பின் மேல் எஃகு ஒட்டிச் செய்தவை. சரிவைத் தீட்டிப் பளபளப்பாக்கினால் இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு தெரியும். எஃகுப் பக்கம் மிச்சம் இருக்கும்வரை அந்த பிளேடுக்கு ஆயுள் உண்டு.