ஃப்ராஸ்ட் போட்ட ப்ரூஃப் காயின்கள்: 17 வருடம் வைத்திருந்து பார்த்ததில் தெரிந்தது

என் சேமிப்புக்கு முதலில் வந்த ப்ரூஃப் காயின்கள், அதாவது சேகரிப்பாளர்களுக்காகத் தனிக் கவனத்தோடு அடிக்கும் காயின்கள், ஒரே பெட்டியில்தான் வந்தன. சில்வர் ஈகிள் என்ற வெள்ளிக் காயினின் 20-ஆம் ஆண்டுக்காக அமெரிக்க நாணயச்சாலை (மின்ட்) 2006-ல் வெளியிட்ட மூன்று காயின் தொகுப்பு அது. ஒன்று வழக்கமான ப்ரூஃப், ஒன்று ரிவர்ஸ் ப்ரூஃப் (அது என்னவென்று பிறகு சொல்கிறேன்), இன்னொன்று புழக்கத்துக்கு விடாத அன்சர்குலேட்டட். மின்ட் விற்ற விலை 100 டாலர். நான் 2008-ல் நியூ ஜெர்சியில் வேலையில் இருந்தபோது ஒரு காயின் ஷோவில் அதைவிட நிறையவே கூடுதலாகக் கொடுத்து வாங்கினேன். 2012-ல் ஊர் திரும்பியதிலிருந்து எல்லாம் திருவான்மியூர் வீட்டு அலமாரியில், கடலிலிருந்து பத்து நிமிட நடைத் தூரத்தில் இருக்கின்றன. அதனால் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதும் மதிப்புரைகளில் வராத உப்புக்காற்றையும் ஈரத்தையும் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். கண்காட்சிகளில் என் காயின்களைப் பார்ப்பவர்கள், உருவத்தின் மேல் வெண்பனி போலத் தெரியும் ஃப்ராஸ்டைக் காட்டி அடிக்கடி கேட்பது, "அந்த வெள்ளைப் பூச்சு நாளாக நாளாக உரிஞ்சு போகாதா?" என்று. அது பூச்சே இல்லை. உருவம் வரவேண்டிய இடங்களில் மட்டும் அச்சைச் சொரசொரப்பாக்குகிறார்கள், மற்ற இடத்தைக் கண்ணாடி மாதிரி மெருகேற்றுகிறார்கள். அந்த அச்சால் நல்ல அழுத்தத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை அடிக்கும்போது, அச்சின் நுண்ணிய குழிகள் வெள்ளியில் நுண்ணிய மேடுகளாக விழுகின்றன. கண்ணாடித் தளம் ஒளியை ஒரே திசையில் திருப்பி அனுப்புவதால் சாய்த்துப் பார்த்தால் கறுப்பாகத் தெரியும். மேடுகள் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிப்பதால் எப்படிப் பிடித்தாலும் வெள்ளையாகவே இருக்கும். நம் கண்ணுக்குத் தெரியும் ஃப்ராஸ்ட் முழுக்க அந்த மேடுகள்தான், துணியால் ஒரு தடவை துடைத்தால் அவை படுத்துவிடும், படுத்தது எழுந்திருக்காது.

அந்தக் காலத்தில் இதே பிரச்சினை அச்சுக்கும் இருந்தது. 1950-லிருந்து 1964 வரை பிலடெல்பியாவில் அடித்த ப்ரூஃப்களில் அச்சை அமிலத்தில் தோய்த்துத்தான் சொரசொரப்பை வரவழைத்தார்கள், காயின்கள் அடிக்க அடிக்க அது மழுங்கிவிடும். புது அச்சில் முதலில் விழுந்த சிலவற்றில்தான் உருவம் வெண்பனி படர்ந்தது போல இருக்கும், பிறகு வருபவை முழுக்கப் பளபளப்பாகிவிடும். 1964-ல் மட்டும் 39 லட்சத்து 50 ஆயிரத்துக்கு மேல் ப்ரூஃப் செட்கள் விற்றார்கள், ஆனாலும் அந்த வருடக் கென்னடி அரை டாலரில் அடர்ந்த கேமியோ (கண்ணாடித் தளத்தில் வெண்பனி உருவம் எடுப்பாகத் தெரிவது) தேடினால் சலித்துச் சலித்துத்தான் எடுக்க வேண்டும். 1950 முதல் 1963 வரையிலான ஃப்ராங்க்ளின் அரை டாலரிலும் இதே கதை, சாதாரண ப்ரூஃப் விலைக்கும் ஆழ்ந்த கேமியோ விலைக்கும் நடுவில் பெரிய பள்ளம். ப்ரூஃப் வேலை 1968-ல் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போனது. 1970களில் அச்சில் மணல் வீசிச் சொரசொரப்பாக்கி, குரோமியம் முலாம் பூசி அதன் ஆயுளைக் கூட்டினார்கள். அதன்பிறகு அடித்த காயினெல்லாம் கேமியோ. பழைய சேகரிப்பாளர்களின் மனக்குறை இங்கேதான் தொடங்குகிறது: தேடிக் கண்டெடுக்க வேண்டிய ஒன்று எல்லாப் பெட்டியிலும் தானாக வர ஆரம்பித்துவிட்டது, தரம் மதிப்பிடும் நிறுவனங்கள் தரும் 70-க்கு 70 மதிப்பெண்ணும் டீப் கேமியோ (ஆழ்ந்த கேமியோ) முத்திரையும் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன, அப்புறம் அதில் என்ன அபூர்வம் என்கிறார்கள். நியாயமான பேச்சுதான். ஆனால் அபூர்வமும் அழகும் ஒன்றில்லை, எனக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

அழகு என்று வந்தால் ஒரு நேரடி ஒப்பீடு சொல்கிறேன். சில்வர் ஈகிளின் முன்பக்கத்தில் நடந்து வரும் சுதந்திர தேவி, 1916-ல் அடால்ஃப் வைன்மேன் அரை டாலருக்காகச் செய்த அதே உருவம். அந்த அரை டாலர் 1936 முதல் 1942 வரை ப்ரூஃபாகவும் வந்தது, ஆனால் அப்போது அச்சு முழுவதையும் மெருகேற்றியதால் பெரும்பாலும் ஃப்ராஸ்டே கிடையாது, தலையிலிருந்து கால்வரை கண்ணாடி. மயிலாப்பூரில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவரிடம் 1942 அரை டாலர் ஒன்று இருக்கிறது, அந்த வருடம் அடித்த ப்ரூஃப் 21,120 மட்டுமே. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் 2006 ப்ரூஃபை எடுத்துப் போய் அதன் பக்கத்தில் வைத்து, அவர் வீட்டு மேசை விளக்கு ஒன்றை மட்டும் போட்டு இரண்டு பேரும் ஒரு மணி நேரம் பார்த்தோம். "தம்பி, உங்க காயின்ல அம்மா வெளிச்சத்துல நிக்கிறா, என் காயின்ல வெளிச்சமே அம்மா மேல நடக்குது" என்றார். சாய்த்துப் பார்த்தபோது அவர் சொன்னது புரிந்தது. பழையதில் சேலை மாதிரி விழும் மடிப்புகளில் ஒளி ஒவ்வொன்றாக ஏறி இறங்குகிறது, அதற்கு விலையாகக் கொஞ்சம் தள்ளி வைத்தால் உருவமே தளத்தோடு கலந்து காணாமல் போகிறது. என்னுடையது அறையின் மறுமூலையிலிருந்தும் தெளிவாகத் தெரியும், மடிப்புகள்தான் சற்று மொழுக்கென்று இருக்கும். அன்றுவரை ஃப்ராஸ்ட் கூடக் கூட நல்லது என்றுதான் நினைத்திருந்தேன்.

சரி, லேசர் விஷயத்துக்கு வருகிறேன், சேகரிப்பாளர்களுக்குள் இப்போதைய சண்டையெல்லாம் இதைச் சுற்றித்தான். 2000களின் பின்பாதியிலிருந்து அமெரிக்க மின்ட் அச்சில் ஃப்ராஸ்டை லேசரால் போட ஆரம்பித்தது. எங்கே எவ்வளவு என்று கணினியில் முடிவு செய்து, ஒரே அச்சில் லேசானது, நடுத்தரம், கனமானது என்று வேறுபடுத்தலாம். வெஸ்ட் பாயிண்ட் நாணயச்சாலையின் 2013 சில்வர் ஈகிள் தொகுப்பில் வந்த என்ஹான்ஸ்டு அன்சர்குலேட்டட் காயினில் கண்ணாடிப் பளபளப்பும் இரண்டு விதமான ஃப்ராஸ்டும் சேர்ந்தே இருக்கும். வாங்கிய அன்று அசந்துபோனேன். 10 மடங்கு லென்ஸை எடுத்தபோதுதான் சங்கடம். மணல் வீசிய பழைய ஃப்ராஸ்ட் ஒழுங்கில்லாமல், கல் உப்பைத் தூவியது போல இருக்கும். லேசர் ஃப்ராஸ்ட் வரிசை வரிசையாக, ஓர் அளவாக, நெய்த துணி மாதிரி தெரிகிறது. வெறும் கண்ணுக்கு அந்த வரிசை தெரியாது, அதன் விளைவு மட்டும் தெரியும்: வெள்ளை ரொம்பச் சமமாக இருப்பதால் கன்னத்துக்கும் கழுத்துக்கும் நடுவில் இருக்கவேண்டிய நிழல் போய்விடுகிறது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தது போல என்று ஒரு நண்பர் சொன்னார், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது, முகம் இருக்கும் காயின்களில் குறிப்பாக. ஆனால் கொடி, இறகு, மலை, கட்டடம் என்று வந்தால் இதே லேசர் அற்புதமாக வேலை செய்கிறது, இறகின் ஒரு வரிசையை மங்கலாகவும் அடுத்ததைப் பளிச்சென்றும் விட்டால் கழுகுக்குக் கனம் வந்துவிடுகிறது. 2017-ல் சான் பிரான்சிஸ்கோவில் அடித்த 10 காயின் என்ஹான்ஸ்டு செட்டையும் வைத்திருக்கிறேன், அதில் நான் திரும்பத் திரும்ப எடுப்பது தலைவர்கள் முகம் இல்லாத பக்கங்களைத்தான்.

எல்லாக் காலத்திலும் சேகரிப்பாளர்கள் புது ஃபினிஷை எதிர்த்திருக்கிறார்கள் என்று சிலர் சொல்வார்கள். உண்மை, 1908-ல் தங்கக் காயின்களைப் பளபளப்பே இல்லாமல் முழுக்க மேட் ப்ரூஃபாக அடித்தபோது வாங்கியவர்களுக்குப் பிடிக்கவே இல்லை, நடுவில் 1909-லும் 1910-லும் வேறு பளபளப்புக்கு மாற்றிப் பார்த்துவிட்டு மறுபடியும் மேட்டுக்கே போனார்கள். இன்றைக்கு அதே மேட் ப்ரூஃப்களுக்கு ஏலத்தில் அடிதடி. அதற்காக இன்றைய லேசர் முகங்களும் நாளைக்கு அழகாகிவிடும் என்று நான் ஏற்கமாட்டேன், கண்ணுக்கு இன்று உயிரில்லாமல் இருப்பதை விலை ஏறிவிட்டால் மட்டும் உயிருள்ளது என்று எப்படிச் சொல்வது.

ரிவர்ஸ் ப்ரூஃபில் தளம் முழுக்க ஃப்ராஸ்ட், உருவம் கண்ணாடி. 2006 செட்டில் நான் அதிகம் காதலித்தது இதைத்தான், அதிகம் கவலைப்பட வைத்ததும் இதுதான். எட்டாவது வருடம் தேவியின் வலப்பக்கத் தளத்தில் கடுகு அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது, பால் தெறித்தது மாதிரி. தூய வெள்ளிக் காயின்களில் பொதுவாக வருவதுதான், கனடா நாணயச்சாலை தன் மேப்பிள் லீஃப் வெள்ளிக் காயினுக்கு 2018-ல் மின்ட்ஷீல்டு என்று தனித் தொழில்நுட்பமே கொண்டுவந்தது இந்தப் புள்ளிகளைக் குறைக்கத்தான். வழக்கமான ப்ரூஃபில் இதே புள்ளி உருவத்தின் மேல் வந்தால் ஃப்ராஸ்ட் மறைத்துக்கொள்ளும். ரிவர்ஸ் ப்ரூஃபில் பரந்து கிடக்கும் தளத்தில் கண் நேராக அங்கேதான் போகிறது. அதனால் பட்ஜெட் ஒன்றுக்குத்தான் என்றால் வழக்கமான ப்ரூஃபை எடுங்கள்.

நம் ஊர் காயின்கள் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு வந்த 1000 ரூபாய் காயினின் ப்ரூஃப் என்னிடம் இருக்கிறது. 44 மில்லிமீட்டர், 35 கிராம், 80 சதவீதம் வெள்ளி, மீதி செம்பு. விமானம் முழுக்க ஃப்ராஸ்டில் எழுந்து நிற்பதை முதலில் பார்த்த அன்று இரவு தூக்கமே வரவில்லை. கல்லுக்கு ஃப்ராஸ்ட் பொருந்துவது போல முகத்துக்குப் பொருந்துவதில்லை என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது இந்தக் காயினால்தான். வருத்தம் உலோகத்தில். செம்பு கலந்தால் நிறமேறுவது சீக்கிரம், நம் 100 ரூபாய், 75 ரூபாய் நினைவுக் காயின்கள் பலவற்றில் வெள்ளி 50 சதவீதம்தான், 40 செம்பு, மீதி நிக்கலும் துத்தநாகமும். அவற்றில் கண்ணாடித் தளத்தில் மூட்டம் மூன்று நான்கு வருடத்திலேயே தெரிந்துவிட்டது. ஃப்ராஸ்ட் பகுதி அந்த மூட்டத்தை வெகுநாள் மறைத்து வைத்திருந்துவிட்டு, பிறகு ஓரங்களிலிருந்து பழுத்த எலுமிச்சை நிறத்துக்குத் திரும்புகிறது. என் அனுபவத்தில் வெல்வெட் ஒட்டிய பரிசுப்பெட்டியிலேயே விட்டவை முதலில் மாறின. அட்டை, ரப்பர், கம்பளித்துணி இவற்றிலிருந்து வரும் கந்தகம் வெள்ளிக்கு ஆகாது. இப்போது காற்றுப்புகாத கேப்சூல், அதன்மேல் டப்பா, டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஜெல்லைச் சூடாக்கித் திரும்ப வைக்கிறேன்.

வாங்குவதில் நான் பட்டதையும் சொல்கிறேன். சில வருடம் முன்பு ஒரு வியாபாரியிடம் 1990களின் சில்வர் ஈகிள் ப்ரூஃப் ஒன்றை "பெட்டியிலிருந்து எடுத்ததே இல்லை" என்ற வாக்குறுதியோடு வாங்கினேன். படத்தில் தளம் கன்னங்கரேல், உருவம் பால்வெள்ளை. கையில் வந்ததும் ஃப்ராஸ்டில் ஏதோ குறைந்தது, வெள்ளைதான், ஆனால் சோப்புத் தண்ணீர் காய்ந்த மாதிரி ஒரு வெள்ளை. லென்ஸில் பார்த்தால் மேடுகளின் முனைகள் மழுங்கியிருந்தன. வெள்ளி கழுவும் திரவத்தில் தோய்த்து எடுத்திருக்கிறார்கள், அதில் உள்ள அமிலம் கறையோடு சேர்த்து வெள்ளியின் மேல்தோலையும் கரைத்துவிடும். திருப்பிக் கேட்டேன், வாங்கமாட்டேன் என்றுவிட்டார். அதிலிருந்து ஃபோட்டோவை நம்புவதில்லை, ஒரே விளக்கில் சரியான கோணம் பிடித்தால் எந்த ப்ரூஃபும் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். காயினை மெல்லச் சாய்க்கும் வீடியோ கேட்கிறேன். ஃப்ராஸ்ட் எல்லாக் கோணத்திலும் ஒரே வெள்ளையாக மினுமினுத்தால் சரி, ஒரு கோணத்தில் சாம்பலாக இறங்கினால் விட்டுவிடுகிறேன்.

விரல்ரேகை பட்டுவிட்டால் சுத்தமான அசிட்டோனில் நனைத்தெடுப்பேன், நகப்பூச்சு அகற்றும் திரவம் கூடாது, தேய்க்கவும் கூடாது. அன்றைக்கே செய்தால் போய்விடுகிறது, ஒரு வருடம் கழித்துச் செய்தால் கண்ணாடிப் பகுதியில் மங்கலாகத் தழும்பு நிற்கிறது, ஃப்ராஸ்டிலோ மேடுகளுக்கு நடுவில் இறங்கி ரேகை அப்படியே இருக்கிறது.

இப்போது நான் வாங்குவது இரண்டே வகை. லேசருக்கு முந்தைய 1980, 90களின் சில்வர் ஈகிள் ப்ரூஃப்கள், விலையும் நியாயம், முகத்தில் நிழலும் இருக்கிறது. புதிதில் கட்டடமோ பறவையோ இருந்தால் மட்டும், சில்வர் ஈகிளில் 2021-ல் மாற்றிய கழுகுப் பக்கம் அந்தக் கணக்கில் எனக்குப் பிடித்திருக்கிறது. தஞ்சாவூர் காயினின் ஓரத்தில் போன மார்கழியில் மஞ்சள் லேசாகத் தொடங்கியது. பழைய பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கேப்சூலையும் மாற்றி வைத்திருக்கிறேன், விமானத்தின் உச்சிவரை ஏறாமல் நிற்கிறதா என்று அடுத்த மார்கழியில் பார்த்து இங்கேயே எழுதுகிறேன்.