நீலகிரியில் பழைய கார்களுக்கு எக்ஸ்பி100: கொடுக்கிற காசுக்குத் தகுமா?

இப்போது பங்க்குகளில் போடும் சாதாரண பெட்ரோல் இ20. அதில் 20 சதவீதம் வரை எத்தனால். இந்தியன் ஆயிலின் எக்ஸ்பி100 என்ற 100 ஆக்டேன் பெட்ரோலில் எத்தனால் கிடையாது. ஆனால் விலை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. எல்லா ஊரிலும் கிடைப்பதும் இல்லை. அம்பாசடர், பியட், வில்லிஸ் ஜீப் வைத்திருப்பவர்கள் இதைத் தேடிப் போய் வாங்க வேண்டுமா?

100 ஆக்டேன் என்பதற்காக என்றால் வேண்டவே வேண்டாம். ஆக்டேன் என்பது நாக்கிங்கை, அதாவது இன்ஜின் தட்டுவதை, பெட்ரோல் எவ்வளவு தடுக்கும் என்பதன் அளவு. அம்பாசடரின் பழைய 1489 சிசி இன்ஜினில் கம்ப்ரஷன் குறைவு. ஊட்டியின் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றும் லேசு என்பதால் நாக்கிங் வருவதே அரிது. பிக்கப்பும் அதிகமாகிவிடாது. எத்தனால் இல்லை என்ற ஒன்றுக்குத்தான் அந்தக் கூடுதல் காசு.

அது எப்போது தகும்? வண்டி மாதக்கணக்கில் நிற்கும்போது. ஜூன் தொடங்கினால் மழை, மூடுபனி. டிசம்பர், ஜனவரியில் உறைபனி. பாதி டேங்க்கோடு நிற்கும் வண்டியில் எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். குளிர் கூடக் கூட, பெட்ரோல் தாங்கக்கூடிய நீரின் அளவு குறையும். அளவு மீறினால் நீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கிவிடும். அடியில் துரு, கார்புரேட்டர் சேம்பரில் வெள்ளைப் பொடி, அடைத்த ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளை) எல்லாம் இதனால்தான். நிறுத்துவதற்கு முன் எக்ஸ்பி100-ஐ டேங்க் நிறைய ஊற்றி, கார்புரேட்டர் வரை அது வந்து சேர 15 நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். கேனில் வாங்கி மலையேற்றுவது ஆபத்து; கீழே போகும்போது வண்டியிலேயே நிரப்பிக்கொள்வதுதான் சரி.

வாரம் தவறாமல் ஓடும் வண்டிக்கு இ20 போதும், ஆனால் ரப்பர் சாமான்களை மாற்றியிருக்க வேண்டும். ஏசி பம்ப் எனப்படும் பெட்ரோல் பம்ப்பின் டயாபிரம் (உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு) பழையதென்றால் உப்பிக் கிழியும். ஓஸ் வெடித்துக் கசியும். எத்தனால் தாங்கும் டயாபிரம், விட்டான் என்ற ரப்பர் வகையால் உள்பூச்சுள்ள ஓஸ், உள்ளே தெரியும் கண்ணாடி போன்ற இன்லைன் பில்டர் போடுங்கள். டேங்க்கில் ஊறிய பழைய அழுக்கை எத்தனால் கிளறிவிடும் என்பதால் முதல் பில்டர் சீக்கிரமே அடைக்கும். கையில் இன்னொன்று இருக்கட்டும்.

ஜெட் விஷயத்தில் மலைக்காரர்கள் அவசரப்படக் கூடாது. இ20 காற்று-பெட்ரோல் கலவையை 7, 8 சதவீதம் லீன் (பெட்ரோல் குறைவு) ஆக்கும். ஊட்டி உயரமோ அதே கார்புரேட்டரைச் சுமார் 10 சதவீதம் ரிச் (பெட்ரோல் அதிகம்) ஆக்கும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டுவதால் மேலே வண்டி நன்றாகவே ஓடும். மேட்டுப்பாளையம் இறங்கியதும்தான் லீன் தெரியும்: ஆக்ஸிலேட்டரை மிதித்தால் தயங்கும், இன்ஜின் சூடேறும். கீழேயே அதிகம் ஓடும் வண்டிக்கு மட்டும் மெயின் ஜெட்டை ஒரு படி கூட்டலாம். 115 என்றால் 120.

பர்லியாறு தாண்டி இரண்டாம் கியரில் ஏறும்போது திணறி நின்றால் வேப்பர் லாக், அதாவது சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வழியை அடைப்பது. அதற்கு எக்ஸ்பி100 மட்டும் மருந்தாகாது. சைலன்சர் பக்கம் போகும் பெட்ரோல் குழாயைத் தள்ளி வைத்து, வெப்பத்தடுப்பு உறை போட வேண்டும். ஈயம் கலந்த பெட்ரோலுக்கென்று செய்த வால்வ் சீட்டுகளையும் எக்ஸ்பி100 காப்பாற்றாது, அதுவும் ஈயமில்லாத பெட்ரோல்தான்.

வாங்கியதில் எத்தனால் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். 100 மில்லி அளவுக் குழாயில் 10 மில்லி தண்ணீர், 90 மில்லி பெட்ரோல் ஊற்றி மூடி, குலுக்கி, 10 நிமிடம் வையுங்கள். அடியில் நிற்கும் கோடு 10-லேயே இருந்தால் எத்தனால் இல்லை. 28 பக்கம் ஏறியிருந்தால் அது இ20. நெருப்பிலிருந்து தள்ளி, வெளியில் வைத்துச் செய்யுங்கள். சோதித்ததைத் திரும்ப டேங்க்கில் ஊற்றாதீர்கள்.