பைன் காயா, சவுக்குக் காயா? பினாங்கு வீட்டுக்கு எந்த ஆண்டிறுதி அலங்காரம்

டிசம்பர் பிறந்தால் போதும், குளிர்கால கைவேலை வீடியோக்கள் வாட்ஸ்அப்பில் வரிசைகட்டி வரும். காய்ந்த ஆரஞ்சு வில்லை, பைன் காய் மாலை, காகிதப் பனிப்பூ, பஞ்சில் செய்த பனி. பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் அந்த வீடுகளில் ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கும், உள்ளே காற்று காய்ந்து கிடக்கும். பினாங்கில் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியில் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை இங்கே மழை குறைவுதான், இருந்தாலும் கடல் காற்று விடுமா? ஆகவே எது அழகு என்பதை அப்புறம் பார்ப்போம். கிறிஸ்துமஸ், பொங்கல், தைப்பூசம், சீனப் புத்தாண்டு என்று அடுத்தடுத்து வரும் நாட்களில் எது பூசணம் பிடிக்காமல், தொய்யாமல், எறும்பு மொய்க்காமல் நிற்கும் என்பதே இங்கே கேள்வி.

ஆரஞ்சு, பைன் ஒரு பக்கம். சாகா, சவுக்கு மறுபக்கம்

ஆரஞ்சு வில்லையை ஓவனில் 100 டிகிரியை ஒட்டிய சூட்டில் மூன்று நான்கு மணி நேரம் உலர்த்தச் சொல்கிறார்கள். அதுவரை பிரச்சினை இல்லை, வீடே மணக்கும். வெளியே எடுத்துத் தொங்கவிட்ட பிறகுதான் வேடிக்கை. பழத்தில் உள்ள சர்க்கரை காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். முதலில் பிசுபிசுப்பு, அடுத்து எறும்பு, கடைசியில் பூசணம். ஏர்கான் ஓயாமல் ஓடும் அறை இருந்தால் செய்து பாருங்கள். இல்லையென்றால் அந்த ஆரஞ்சைச் சாப்பிட்டுவிடலாம்.

பைன் காயின் கதை வேறு. காற்று காய்ந்திருந்தால் அதன் செதில்கள் விரியும், ஈரம் பட்டால் மூடிக்கொள்ளும். விதையை நனையாமல் காக்க மரம் செய்துகொண்ட ஏற்பாடு அது. கடையில் அழகாக விரிந்திருந்த காய் நம் வீட்டு முன்னாலுள்ள ஐந்தடி நடைபாதையில் அரைகுறையாக மூடிக்கொண்டால் அதைக் குறை சொல்ல முடியாது, அது தன் வேலையைத்தான் செய்கிறது.

இதற்கு மாற்று காசில்லாமலேயே கிடைக்கிறது. பத்து ஃபெரிங்கி பக்கம் கடற்கரையில் சவுக்கு மரத்தடியில் குனிந்தால் கட்டைவிரல் நுனி அளவுக்குச் சின்னச் சின்னக் காய்கள் கிடைக்கும். கழுவி நல்ல வெயிலில் காய வைத்து, உள்ளிருக்கும் பொடி விதைகளைத் தட்டி உதிர்த்துவிட்டால் போதும். நூலில் கட்டலாம், வளையத்தில் ஒட்டலாம், வெள்ளைச் சாயம் தொட்டு வைத்தால் பனி விழுந்த மாதிரியும் இருக்கும். சிறிய காய் என்பதால் நிறையப் பொறுக்க வேண்டும். பிள்ளைகளுக்கு அந்த வேலை பிடிக்கும், நமக்குத்தான் முதுகு வலிக்கும்.

நிறத்துக்குச் சாகா விதை. சாலையோர மரங்களிலிருந்து உதிரும் அந்தச் சிவப்பு விதைக்குச் சாயமும் வேண்டாம், வார்னிஷும் வேண்டாம். ஒரு காலத்தில் பொன் நிறுக்கவே பயன்பட்டது. நான்கு விதை ஏறக்குறைய ஒரு கிராம். குறை ஒன்றுதான்: ஊசி இறங்காது. நுண்ணிய டிரில்லால் பெரியவர்கள்தான் துளை போட வேண்டும், அல்லது பசையால் ஒட்ட வேண்டும். ஊறவைத்தால் இளகுமே என்று தண்ணீரில் போடாதீர்கள், ஓடு கெட்டி, தண்ணீர் எளிதில் உள்ளே இறங்காது. கறுப்புப் பொட்டு உள்ள குன்றிமணியை மட்டும் இதனுடன் சேர்க்கக் கூடாது. அது கடும் விஷம், வாயில் எதையாவது போடும் வயதுக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் அது வேண்டவே வேண்டாம்.

நட்சத்திரம்: மடித்ததா, கட்டியதா?

இந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்தது நட்சத்திரம்தான். பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம் பக்கம் கிறிஸ்தவ வீடுகளின் வாசலில் டிசம்பரில் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள்.

இணையத்தில் அதிகம் சுற்றுவது ஜெர்மானியக் காகித நட்சத்திரம். 1830களில் நீஸ்கி என்ற ஊரில் மொராவியத் திருச்சபைப் பள்ளியில் வடிவியல் பாடத்துக்காகச் செய்யத் தொடங்கியது. கூர்கூரான காகிதக் கூம்புகள் எல்லாப் பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். கணக்குப் பிடித்த பிள்ளை கையில் கிடைத்தால் ஒரு மாலைப்பொழுது போவதே தெரியாது. ஆனால் அது முழுக்கக் காகிதத்தின் விறைப்பையே நம்பி நிற்கிறது. நம் ஊரில் இரண்டாம் வாரமே கூர்கள் தலை சாய்க்கும். வீட்டுக்குள்ளே, தடித்த அட்டையில் செய்தால் சமாளிக்கலாம்.

மூங்கில் நட்சத்திரத்துக்கு அந்தக் கவலை இல்லை. ஒரே நீளத்தில் பத்து மூங்கில் சிம்பு. ஐந்தைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து ஒரு நட்சத்திரம், மீதி ஐந்தில் இன்னொன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஐந்து முனைகளிலும் இறுகக் கட்டுங்கள். நடுவே சிம்புகள் குறுக்கிடும் ஐந்து இடங்களில் விரல் நீளக் குச்சிகளைச் செருகினால் நட்சத்திரம் வயிறு உப்பி எழுந்துவிடும். அதன்மேல் பட்டம் செய்யும் தாளோ வண்ணக் கண்ணாடித்தாளோ ஒட்டினால் வேலை முடிந்தது. விறைப்பைத் தாங்குவது மூங்கில், தாள் வெறும் தோல்தான். அது கிழிந்தால் அடுத்த ஆண்டு தோலை மட்டும் மாற்றலாம். உள்ளே சின்ன எல்இடி விளக்குதான் வைக்க வேண்டும், மெழுகுவர்த்தி கூடவே கூடாது. வாசலில் தொங்கவிடுவதானால் கண்ணாடித்தாளே மேல், சாரல் பட்டாலும் துடைத்துவிடலாம். ஆனால் விளக்கு எரியும்போது பட்டத்தாளில் வரும் அந்த மெல்லிய ஒளி கண்ணாடித்தாளில் வராது. நான் பட்டத்தாள் கட்சி.

சிம்பு சீவுவது கத்தி வேலை. அது கைவராதவர்கள் சாத்தே குச்சியில் கைப்பிடி அளவு நட்சத்திரம் செய்யலாம்.

காகிதப் பனிப்பூ இவ்வளவு யோசனைக்கு உரியதல்ல. சாதாரண ஏ4 தாளும் கத்தரிக்கோலும் போதும், மழைநாளில் பிள்ளைகளை உட்காரவைக்க அதைவிட மலிவான வழி இல்லை. ஒரு விஷயம் மட்டும்: உண்மையான பனிப்பூவுக்கு ஆறு கைகள். தாளை நான்காக எட்டாக மடித்து வெட்டுகிறார்கள். பாதியாக மடித்து, அந்தப் பாதியை மூன்றாக மடித்தால்தான் ஆறு வரும். பஞ்சு பனியை எழுதவே வேண்டியதில்லை, தூசிக்கு மெத்தை.

தோரணம்

பொங்கல் நெருங்கும்போது போட்டி மாறுகிறது: தென்னங்குருத்து, கிரேப் தாள், பிளாஸ்டிக். வசதியை மட்டும் பார்த்தால் பிளாஸ்டிக் மாவிலைக்கு வாக்கு அதிகம் விழும். கழுவலாம், பெட்டியில் போட்டு அடுத்த ஆண்டும் எடுக்கலாம். வாசலில் யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்க மாட்டார்கள், அவ்வளவுதான். கிரேப் தாள் மலிவு, நிறம் எடுப்பு, ஆனால் தண்ணீர் பட்டால் சாயம் இறங்கும். வாடகை வீட்டுச் சுவரில் இளஞ்சிவப்புக் கோடு விழுந்தால் முன்பணத்தில் பேச்சு வரும்.

குருத்தோலை மற்ற பொருள்களுக்கு நேரெதிர். காகிதத்துக்குப் பகையான ஈரம் இதற்கு உயிர். பினாங்கில் ஜனவரி காய்ந்த மாதம் என்பதால் சீக்கிரம் பழுத்துச் சுருளும். அதனால் முந்தின நாள் மாலையில் கட்டுவதுதான் சரி. அதுவரை ஈரத்துணியில் சுற்றி நிழலில் வைக்க வேண்டும். மடிப்பு தெரியாதவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது, மங்கல வீட்டு மடிப்பு வேறு, துக்க வீட்டு மடிப்பு வேறு. கிளியும் பாம்பும் பின்னத் தெரிந்தவர்கள் நம்மிடையே குறைந்துவருகிறார்கள். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவுக்குக் கெத்துப்பாட் என்ற ஓலைச்சோற்றுக்குக் கூடு பின்னத் தெரிந்திருந்தால் அவரிடமே உட்காருங்கள், ஓலையைக் கீழும் மேலும் நுழைக்கும் பழக்கம் அங்கேயே கைக்கு வந்துவிடும்.

வாசல் தரையும் அங்பாவ் உறையும்

மார்கழி முழுக்கக் கோலம் போடுபவர்களுக்கு அரிசி மாவைவிட வேறு எதையும் சிபாரிசு செய்ய மாட்டேன். தீபாவளிக்கு மால்களில் நாம் பார்க்கும் சாயமிட்ட அரிசிக் கோலம் கண்ணுக்கு விருந்துதான். ஆனால் அது காற்றில்லாத கூடத்துக்கு உரியது. ஃப்ளாட் நடைபாதையில் போட்டால் மைனாவும் புறாவும் வரும், யாராவது செருப்போடு மிதித்துப் போவார்கள், கூட்டி அள்ளிய அரிசி குப்பைக்குத்தான் போகும். பொங்கலன்று ஒரு நாள் மட்டும் தாம்பாளத்தில் போட்டு வைப்பதென்றால் தாராளமாகச் செய்யலாம்.

அங்பாவ் உறையில், அதாவது பண்டிகைக்குப் பணம் வைத்துக் கொடுக்கும் உறையில், செய்யும் விளக்கை ஏன் நம் வீடுகளில் அதிகம் செய்வதில்லை என்று எனக்குப் புரிவதில்லை. தீபாவளிக்கு வந்த உறைகளே இழுப்பறையில் கிடக்கும். பளபளப்பான தடித்த தாள் என்பதால் ஈரத்தில் சாதாரண மடிப்புத் தாளைவிட நன்றாகத் தாங்கும். ஒரு விளக்குக்குப் பத்துப் பதினைந்துக்குக் குறையாமல் தேவைப்படும், எல்லாம் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஸ்டேப்ளர் முள் துருப்பிடித்துக் கறை விடும், பசையால் ஒட்டுங்கள். சிவப்பை மட்டும் எடுத்தால் சீனப் புத்தாண்டு விளக்கு. தீபாவளி ஊதாவையும் பெருநாள் பச்சையையும் கலந்தால் எந்தப் பண்டிகைக்கும் கழற்றாமல் விட்டுவிடலாம்.